கூடினால் விசாரணை

மூன்றாவது முறை எண்ணியபோதும் பன்னிரண்டு புத்தகங்கள் குறைந்தன.

மணிபாரதி பதிவேட்டை மூடி வைத்தாள். நூலகப் படிப்பு முடிப்பவர்கள் ஒரு மாதம் ஏதாவது பள்ளி நூலகத்தில் பயிற்சி எடுக்க வேண்டும். அவளுக்கு விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்களை ஒட்டிய இந்தப் பள்ளி கிடைத்திருந்தது. மாதக் கடைசியில் கல்லூரியிலிருந்து சுப்புராயன் சார் வந்து இருப்பைச் சரிபார்ப்பார். பதிவேடும் அலமாரியும் ஒத்துப்போனால் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்.

கையெழுத்து விழுந்தால் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. மின்விசிறியைத் தவிர வேறெதுவும் சத்தம் போடாத வேலை. விழாவிட்டால் வேப்பூர் நெடுஞ்சாலையில் சித்தப்பாவின் ஓட்டலில் கல்லாப்பெட்டி. அதற்கு நேர் பின்னால் கொத்துப் பரோட்டாக் கல். மணிபாரதி பேச்சை விட மௌனத்தை விரும்புகிற பெண். அந்தக் கல்லின் சத்தம் இப்போதே அவள் காதுக்குள் கேட்டது.

தலைமையாசிரியர் ரத்தினவேலிடம் போய் நின்றாள்.

"புள்ளைங்ககிட்டதான் இருக்கும் சார். பிரேயர்ல ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"சொல்லிட்டா போச்சு."

ஒரு வார்த்தையைத்தான் அவள் கேட்டிருந்தாள். மைக் கையில் கிடைத்ததும் ரத்தினவேல் சார் கால் மணி நேரம் பேசினார். கடைசியில், "வூட்ல லைப்ரரி புஸ்தகம் வச்சிக்கிட்டுக் கொண்டாராதவனுக்கு ஹால் டிக்கெட்டு கெடையாது" என்று முடித்தார். எந்த லைப்ரரி என்று மட்டும் சொல்லவில்லை. ஹால் டிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அதிகம் பயந்தார்கள்.

மறுநாள் காலை நூலக வாசலில் வரிசை நின்றது. பிள்ளைகளை விடப் பெற்றவர்கள் அதிகம். கப்பு சாசர் அனுப்புகிற அட்டைப் பெட்டிகளில், உடையாமலிருக்க வைக்கோல் சுற்றி, புத்தகங்களைக் கொண்டுவந்திருந்தார்கள். மாதா கோயில் நூலகத்துப் புத்தகம், ரயில்வேக்காரர்களின் நூலகத்துப் புத்தகம், எப்படி வந்ததென்று யாருக்கும் தெரியாத மலையாளப் புத்தகம் ஒன்று.

"உங்க புள்ள எந்த வகுப்புங்க?" என்று ஒரு அம்மாவைக் கேட்டாள்.

"அவன் இன்னும் இந்த ஸ்கூல்ல சேரல பாப்பா. அடுத்த வருசம் ஆறாவது சேக்கணும். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு."

மணிபாரதி மகிழ்ச்சியில் மிதந்தாள். வந்த புத்தகம் ஒவ்வொன்றின் மீதும் பள்ளி முத்திரையை அழுத்திக் குத்தினாள். குத்தி முடித்த பிறகுதான் எண்ணினாள்.

ஐம்பத்தாறு கூடுதலாக இருந்தன.

தலைமையாசிரியருக்கு வேர்த்துவிட்டது. "என்னம்மா இப்படிப் பண்ணிட்ட. கொறஞ்சா தள்ளுபடி எழுதிட்டுப் போயிடலாம். கூடுனா விசாரண. எங்கேருந்து வந்துது, யாரு குடுத்தா, எதுக்குக் குடுத்தான்னு என் பென்ஷன் வரைக்கும் நோண்டுவான்."

"கொறஞ்சா தள்ளுபடி உண்டுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்."

"நீ எங்க கேட்ட? பிரேயர்ல பேசச் சொன்ன, பேசுனேன்."

முத்திரையைக் காட்டாமல் சில புத்தகங்களை மாதா கோயில் நூலகத்துக்கு எடுத்துப்போனாள். அந்த நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் கிரேசி அக்கா முத்திரையைத்தான் முதலில் பார்த்தாள்.

"எங்க புஸ்தகம் எதுவும் தொலையலயே. எல்லாம் சரியா இருக்குதுன்னு ஃபாதர்கிட்ட போன மாசம்தான் சொன்னேன். இப்ப இத வாங்குனா நான் பொய் சொன்ன மாரி ஆயிடாதா?"

"அப்ப இத என்னக்கா பண்றது?"

"ஒங்க முத்திரதான இருக்குது. ஒங்க புஸ்தகம்தான்."

அன்றிரவு மணிபாரதி யோசித்தாள். கொடுத்த புத்தகம் திரும்பி வராத இடம் ஏதாவது உலகத்தில் இருக்குமா? இருந்தது. ஆசிரியர்கள் அறை.

மறுநாள் எந்தப் பதிவும் இல்லாமல், ஆளுக்கு நாலு புத்தகமாக ஆசிரியர்களுக்குக் கொடுத்தாள். மெதுவாகப் படிக்கச் சொன்னாள். திருப்பித் தர அவசரமே இல்லை என்றாள். சாயங்காலம் கணக்கு ஆசிரியர் அடைக்கலம் ஒரு சாக்கோடு வந்தார். முகம் தொங்கியிருந்தது.

"நேரா கேட்டிருக்கலாம்மா. கையில நாலு புஸ்தகத்தக் குடுத்து இப்படிக் குத்திக் காட்ட வேணாம்."

"ஐயோ சார், நான் அப்படி நெனக்கவே இல்ல."

"இருக்கட்டும். பத்து வருசமா வூட்ல வச்சிருந்தது எங்க தப்புதான். ஸ்டாஃப் ரூம்ல எல்லாரும் பேசி, இன்னிக்குக் குடுத்ததோட சேத்து ஒண்ணா கட்டியாந்துட்டோம். மேலப்பாளையத்து ஸ்கூல்ல இருந்தப்ப எடுத்ததும் இதுலதான் கெடக்குது."

கூடுதல் எண்பதைத் தாண்டியது.

இரண்டு கட்டைப் பைகளை நிரப்பி நல்லூர் பஸ்ஸில் ஏறினாள். பைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, நடுவழியில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் போன பிறகு சாலையில் எழுந்த அமைதி அவளுக்கு இனித்தது. இந்த மாதத்தில் அவள் நிம்மதியாகத் தூங்கியது அந்த ஓர் இரவுதான்.

காலையில் கண்டக்டர் நூலக வாசலில் நின்றார்.

"நல்லவேள, முத்திர இருந்துச்சு. இல்லன்னா எங்கன்னு தேடுறது? டெப்போவுல கேட்பாரில்லாம ஏழெட்டு புஸ்தகம் கெடந்துது. அதுவும் ஒங்களோடதாத்தான் இருக்கும்னு சேத்து எடுத்தாந்துட்டேன். ஒரு டிபன் பாக்ஸும் இருக்குது, பாத்து எடுத்துக்கங்க."

மணிபாரதி டிபன் பாக்ஸையும் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் ரத்தினவேல் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "சுப்புராயன் சார் ஜங்ஷன்ல எறங்கிட்டாராம். ஆட்டோவுல வராரு. எதனா பண்ணும்மா. என்ன பண்ணுனன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத."

பள்ளிக்குப் பின்னால் வாட்ச்மேன் பக்கிரியின் வீடு. கூடுதல் புத்தகங்கள் அத்தனையையும் சாக்குகளில் திணித்து, அரிசி மூட்டை இழுப்பதுபோல மைதானம் முழுக்க இழுத்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். பக்கிரி அப்போதுதான் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒங்க வூட்டுப் பரண்ல கொஞ்சம் எடம் குடுங்க. சாயங்காலம் வரைக்கும் போதும். இல்லன்னா என் பொழப்பே போயிடும்."

பக்கிரி சாக்கின் வாயைப் பிரித்துப் பார்த்தார். டீயை ஒரு வாய் குடித்தார். வெளியே ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"தாராளமா வைக்கலாம்மா. போன வருசம் பயிற்சிக்கு வந்த பொண்ணு, கூடுதலா இருக்குதுன்னு தப்பா எண்ணிக்கிட்டு பன்னெண்டு புஸ்தகத்தப் பரண்ல போட்டுட்டுப் போயிடுச்சு, மொதல்ல அத நீங்க எடுத்துட்டுப் போனீங்கன்னா எடம் சரியா இருக்கும்."