இதை எப்ப மாத்தினீங்க?

உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் கொடுத்த தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, "எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்ட அதே மூச்சில், முதுகுக்குப் பின்னாலிருந்த தலையணையை உருவி மூக்கருகே கொண்டுபோய், "இந்த உறையை எப்ப மாத்தினீங்க?" என்று விசாரித்தவர் யாராவது உண்டா? உண்டென்றால் அந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இல்லையென்றால் கொடுத்துவைத்தவர் நீங்கள். கொஞ்சம் பொறுங்கள், வந்துகொண்டிருப்பார்.

இந்த இனத்தார் கெட்டவர்கள் அல்ல. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்தால் கதவைச் சாத்திவிடலாம். இவர்களோ உங்கள் நன்மைக்காகவே கேட்கிறார்கள். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு, பல் துலக்கும் பிரஷ், சீப்பு, மிதியடி, குளியலறைச் செருப்பு, தண்ணீர் பாட்டிலின் மூடி என்று எல்லாவற்றுக்கும் ஓர் ஆயுளை மனதுக்குள் எழுதி வைத்திருப்பார்கள். "பார்க்க நல்லாத்தானே இருக்கு?" என்று நீங்கள் கேட்டுவிட்டால் தொலைந்தீர்கள். "பார்க்க நல்லாத்தான் இருக்கும். அங்கதான் ஆபத்தே" என்பார்கள்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு மருந்துக் கிடங்கில் மேற்பார்வையாளர். காலையிலிருந்து மாலைவரை அட்டைப்பெட்டிகளைப் புரட்டிக் காலாவதித் தேதி பார்ப்பது அவர் வேலை. சீக்கிரம் முடியப்போவது முன்வரிசை, மற்றதெல்லாம் பின்வரிசை. அந்தக் கண்ணுக்குத்தான் சம்பளம். ஆனால் மற்றவர்கள் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றுவதுபோல இவர் அந்தக் கண்ணைக் கழற்றி வைப்பதில்லை. கிடங்கில் அவருக்கு வைத்த பெயர் 'காலாவதி'. வீட்டிலும் அதே பெயர்தான், அவர் காதுக்கு எட்டாத தூரத்தில்.

அவர் வீட்டுக் குளியலறையில் சோப்புகள்கூட முன்வரிசை பின்வரிசையாகத்தான் நிற்கும். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் அவரவர் பெயரின் முதலெழுத்து நூலால் தைத்திருக்கும். ஒருவர் துண்டை இன்னொருவர் தொட்டால் விசாரணை உண்டு. மனைவி ஆசையாக வைத்திருக்கும் பொருள் எதுவானாலும் ஒரு நாள் காலையில் இருக்காது.

"ஏங்க, என் சீப்பு எங்க?"

"அதுக்குக் காலம் முடிஞ்சுபோச்சு."

"எனக்கு எப்ப முடியுதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. துணிமணி எடுத்து வைச்சுக்கறேன்."

அவர் சிரிக்க மாட்டார். இந்த இனத்துக்கு இந்த விஷயத்தில் சிரிப்பு வராது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். நூலகத்தில் வேலை. அவளுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்துப்போயிற்று. நல்ல பையன். ஒரு நாள் வீட்டுக்கும் வந்தான். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது காலாவதி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "தம்பி, நீங்க பல் தேய்க்கிற பிரஷ் எப்ப வாங்கினது?"

சம்பளத்தைக் கேட்பார், குணத்தைக் கேட்பார் என்று தயாராகி வந்திருந்த பையன் ஒரு கணம் விழித்தான். பிறகு உண்மையைச் சொன்னான். "வேலைக்குச் சேர்ந்தப்ப வாங்கினது அங்கிள். இன்னும் அப்படியே இருக்கு." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான் பாவம்.

காலாவதியின் முகம் போன போக்கை அவன் வீட்டில் போய் நடித்துக் காட்டினான். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அந்த அம்மாள் வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். வாயிலும் கையிலும் சுறுசுறுப்பு அதிகம். "குத்தம் பார்க்கிற வீட்டுல சம்பந்தம் வேணாம்டா. ஒரு தடவை வரச் சொல்லு. நம்ம வீட்டைப் பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாங்கன்னா அதோட சரி" என்று சொல்லிவிட்டார்.

ஆக, மகளின் கல்யாணம் அப்பாவின் மூஞ்சியில் வந்து நின்றது.

மூவரும் பேருந்தில் போகும்போது மகள் சொன்னாள். "அப்பா, ஒரே ஒரு சாயங்காலம். எதையும் எப்ப மாத்தினதுன்னு கேக்காதீங்க."

"கேக்க மாட்டேன்மா."

"பார்வையாலயும் கேக்காதீங்க."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

அந்த வீட்டில் அவர் பட்ட பாடு இருக்கிறதே! சோபாவில் உட்கார்ந்தால் தலை வைக்கிற இடத்தில் எண்ணெய்க் கறை அவரைப் பார்த்தது. எதிரே மின்விசிறியின் இறக்கைகளில் தூசி கம்பளிபோலப் படிந்திருந்தது. டிவி ரிமோட்டைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை என்றோ மஞ்சளாகியிருந்தது. போதாததற்கு, ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிற ஒரு நாய் அவர் மடியில் தலையை வைத்துப் பெருமூச்சு விட்டது. கேள்விகள் ஒவ்வொன்றாகத் தொண்டை வரை வந்தன. ஒவ்வொன்றையும் தேநீர் விட்டு உள்ளே தள்ளினார். மூன்று கோப்பை ஆயிற்று.

"சார் தேநீர் பிரியர் போல!" என்றார் பையனின் அப்பா.

"ரொம்ப" என்றாள் காலாவதியின் மனைவி, பெருமூச்சுடன்.

பிறகு கேக் வந்தது. விரலெல்லாம் சர்க்கரைப் பாகு. கை கழுவியே ஆக வேண்டும். எழுந்து போனார். குளியலறைக் கதவை உள்பக்கம் சுவரோடு சேர முழங்கையால் தள்ளித் திறந்தார். அடுத்தவர் வீட்டுக் கைப்பிடியை அவர் தொடுவதில்லை. ஆகவே கதவைத் திரும்பச் சாத்தவும் இல்லை. கழுவி முடித்து நிமிர்ந்தால், எதிரே ஆணியில் ஒரு துண்டு. ஒரு காலத்தில் ஏதோ ஒரு நிறத்தில் இருந்திருக்க வேண்டும்.

காலாவதி இரண்டு கைகளையும் அறுவை சிகிச்சைக்குப் போகும் டாக்டர்போல உயர்த்திப் பிடித்துக்கொண்டு, நீர் சொட்டச் சொட்டக் கூடத்துக்கு வந்தார்.

"உள்ள துண்டு இருக்கே, பார்க்கலையா?" என்றார் பையனின் அம்மா.

"பரவாயில்லைங்க. காத்துல காய்ஞ்சிடும்."

"இல்ல... எங்க வீட்டுத் துண்டுல துடைக்க மாட்டீங்களோ?"

பையன் தன் அம்மாவைப் பார்த்தான். மகள் யாரையும் பார்க்கவில்லை. தட்டில் இருந்த கேக் துணுக்கை விரலால் நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

அதைப் பார்த்தார் காலாவதி. அவ்வளவுதான். விறுவிறுவென்று திரும்பிப் போனார். எல்லோருக்கும் தெரியும்படி, திறந்த கதவுக்கு நேராக நின்று, அந்தத் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். போதாது என்று தோன்றியது போலிருக்கிறது. முகத்தைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். காதுக்குள்ளும் விட்டுத் துடைத்தார். பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது நாய் பாய்ந்து போய்த் துண்டின் மறுமுனையைக் கவ்விக்கொண்டு இழுத்தது.

"டேய், விடுடா!" என்று ஓடினார் பையனின் அப்பா. "சார், கோவிச்சுக்காதீங்க. அது அவனோடது. அவனைக் குளிப்பாட்டித் துடைக்கிறது!"

"ஐயையோ!" பையனின் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "உங்களுக்குன்னே இன்னைக்குப் புதுத் துண்டு வாங்கிக் கதவுக்குப் பின்னாடி மாட்டினேனே! கதவைச் சாத்தினாத்தானே தெரியும்! அது புரியாம நான் வேற வாயை விட்டு..." அந்த அம்மாளின் முகம் சிவந்து, குரல் உடைந்துவிட்டது.

இப்போது காலாவதியின் வாய் திறந்தது. நாய்த் துண்டு! இதைவிடப் பெரிய சந்தர்ப்பம் இந்த இனத்தில் யாருக்கு வாய்த்திருக்கிறது? மகள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"இதுக்கு ஏன்மா வருத்தப்படுறீங்க?" என்றார் காலாவதி, கன்னத்தில் ஒட்டியிருந்த நாய்முடியைத் தொடாமல். "எங்க வீட்டுலயும் துண்டெல்லாம் இப்படித்தான் மாறிப்போகும். யாரோடது எதுன்னே தெரியாது."

மனைவிக்குத் தேநீர் புரையேறியது. மகள் கண்ணைத் திறந்து அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகப் பெரிய பொய் அது. சொல்லிவிட்டு நான்காவது கோப்பை தேநீர் கேட்டார்.

பையனின் அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். "அப்ப நம்ம ரெண்டு வீடும் ஒத்துப்போகும்" என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று.

அன்று வீடு திரும்பியவர் குளியலறைக்குள் போனார். ஒரு புதுச் சோப்பு முழுசாகக் கரைந்த பிறகுதான் வெளியே வந்தார் என்கிறாள் மனைவி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் ஒரு தடவை உங்கள் வீட்டுத் துண்டு ஞாபகத்துக்கு வந்ததா, இல்லையா? அடுப்படிப் பஞ்சு? வந்திருந்தால் எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டு வாருங்கள், தப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.