புதன்கிழமைப் புள்ளி

உலகமே தலைகீழாக நின்றாலும் இனிப் புதன்கிழமைகளில் உழைப்பதில்லை என்று சோப்புக்காரர் முடிவு செய்தார். அவர் ஒரு சோப்புக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. பதினெட்டு வருஷமாகக் கடை கடையாக ஏறி இறங்கியதில் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்திருந்தன. ஆனால் கம்பெனியின் வருகைப் பதிவு ஆப், அவர் எந்தக் கடை வாசலில் நிற்கிறார் என்று மணிக்கொரு தரம் வேவு பார்த்தது.

ஆகவே போனின் பாதுகாப்புப் பூட்டை உடைத்து, பொய்யான இடம் காட்டும்படி திருத்தினார். அதன்பின் அவர் கட்டிலில் கிடப்பார். வரைபடத்தில் அவர் புள்ளி மட்டும் கடைவீதியில் நாயாய் அலையும். காலையில் கடைக்குப் போவதுபோல் கிளம்பி, மனைவி வேலைக்குப் போனதும் நைசாகத் திரும்பி வந்து, நான்கு புதன்கிழமைகள் தூங்கித் தீர்த்தார்.

ஒரு செவ்வாய் மாலை, மகளின் பள்ளி பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க மனைவி அவர் போனை எடுத்தாள்.

"என்னங்க, பஸ் ஆப் திறக்க மாட்டேங்குது. 'இது திருத்தப்பட்ட போன், பாதுகாப்பில்லை'ங்குது. என்ன பண்ணி வெச்சீங்க?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அவரிடம் யாரும் விளக்கம் கேட்டு வருஷக்கணக்காகிவிட்டது. வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒவ்வொரு ஆப்பும் 'பூட்டு உடைஞ்சிருக்கா'ன்னு போனைக் கேக்கும். நான் போட்டிருக்கிற மறைப்பு, 'இல்லவே இல்லை'ன்னு சத்தியம் பண்ணும்."

"எந்த ஆப் கேட்டாலுமா?"

"லிஸ்ட்ல டிக் போட்டதுக்கு மட்டும். பேங்க் ஆப், ஆபீஸ் ஆப்..."

"பெத்த பொண்ணு வர்ற பஸ் ஞாபகம் வரலை. சரி, ஆபீஸ்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

"கால் வலிக்குதும்மா. வாரத்துல ஒரு நாளாவது தூங்கலாம்னு..."

களைப்பு என்பது ஆண்களுக்கு மட்டும் கொடுக்கப்படும் பட்டம் என்று இவரிடம் யார் சொன்னார்களோ. அவளும் வீடு வீடாகப் படியேறிக் கணக்கெடுப்பவள்தான். அவள் ஆபீசிலும் அதே ஆப், அதே வேவு.

"உங்களுக்குக் கால். எனக்கென்ன சக்கரமா? பகலெல்லாம் படி ஏறிட்டு வந்து அடுப்படியிலயும் நிக்கிறது யாரு?"

நியாயம் அவள் பக்கம் இருந்தது. அதுதான் அவருக்கு எரிச்சல்.

"என் போனையும் திருத்துங்க."

"அந்த மாடல் பூட்டை உடைக்க விடாது."

"அப்ப என் கணக்கை உங்க போன்ல போடுங்க."

"ஒரு போனுக்கு ஒரு ஆள்தான். அதுல நான் இருக்கேனே."

"நீங்க என் போனுக்கு வந்துடுங்க."

"அதுக்குப் பொய் சொல்லத் தெரியாதே."

"அவசியமில்லை. நீங்கதான் நிஜமாவே கடைக்குப் போகப் போறீங்களே."

மறுநாள், புதன்கிழமை, அவர் மனைவியின் போனோடு பதினாலு கடை ஏறி இறங்கி நொண்டிக்கொண்டே வீடு சேர்ந்தார். ஊறப்போட்ட துணி வாளியிலேயே கிடந்தது. அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. படுக்கையறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்குப் போன் செய்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது.

"நான் வேலையில இருக்கேங்க," என்றாள் தூக்கக் குரலில். "வர லேட்டாகும். சந்தேகம்னா என் ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க."