பன்னிரண்டு ஏ.எம்., எண்பது இலை

என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்து அது கெட்டுப்போனால், என் கவனக்குறைவு காரணமாக இருக்காது. என் கவனம்தான் காரணமாக இருக்கும். வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். நாலாவது தடவை கொண்டி கையோடு வந்துவிடும். (வந்திருக்கிறது.)

தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு அப்பா எனக்குக் கொடுத்தது ஒரே வேலை. சாப்பாடு. குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் கீழ்த்தள ஹாலில், ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்கு நிச்சயம், பன்னிரண்டுக்குப் பந்தி. மாப்பிள்ளை வீடு கடையம். சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்காகச் சொந்த அண்ணன் வீட்டு வாசலை மிதிக்காதவர் மாப்பிள்ளையின் அப்பா என்று கேள்வி.

"சாப்பாட்டுல ஒரு கொறை வந்துச்சு, கல்யாணம் நின்னுரும். பாத்துக்க" என்றார் அப்பா. அன்றைக்கே சமையல் ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன்.

தென்காசியில் ஆர்டர் சாப்பாடு செய்யும் ஓர் அண்ணாச்சியைப் பிடித்தேன். சீசனில் அவருக்கு ராப்பகல் கிடையாது. வெளியூர் பஸ்கள் எந்நேரமும் வந்து இறங்கும், எந்நேரமும் சோறு போகும். அதனால், "வாயால சொல்லுத நேரமெல்லாம் நிக்காது தம்பி. ஏ.எம்.மா பி.எம்.மான்னு போட்டு வாட்ஸப்புல அனுப்பிருங்க" என்றார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். தெரியாததைக் கேட்க வெட்கம், ஆனால் யோசிப்பேன். பத்து ஏ.எம்., பதினொன்று ஏ.எம்., அடுத்து வருகிற பன்னிரண்டு மட்டும் எப்படிக் கட்சி மாறும்? 'ஞாயிறு 12 ஏ.எம்., எண்பது இலை' என்று அனுப்பினேன். அனுப்பியதோடு விட்டேனா? போன் போட்டேன்.

"அண்ணாச்சி, பன்னெண்டு ஏ.எம். மறந்துராதீங்க."

"மறக்கல தம்பி."

"ஒரு நிமிசம் பிந்திரக் கூடாது."

"ஏ.எம்.தான தம்பி? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"ஏ.எம்.மேதான் அண்ணாச்சி!" (தெளிவாகத்தான் கேட்டிருக்கிறார் மனுஷன்.)

சனிக்கிழமை ராத்திரியே நாங்கள் வீட்டோடு லாட்ஜுக்கு வந்து, ஹாலில் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருந்தோம். சரியாகப் பன்னிரண்டுக்கு வாசலில் வேன் ஹாரன்.

"எலை போட்ரலாமா தம்பி?" என்று இறங்கினார் அண்ணாச்சி. பின்னால் அண்டா அண்டாவாகச் சோறு, சாம்பார், அவியல், பாயசம்.

"நாளைக்கில்லா அண்ணாச்சி நிச்சயம்!"

"நாளைக்குத்தான். இந்தா, நாளை வந்துட்டு" என்று போனைக் காட்டினார். திரையில் ஞாயிறு என்றிருந்தது.

அப்பா சும்மா இருப்பாரா? "விடிஞ்சாத்தான்வே ஞாயித்துக்கெழமை. இந்த இருட்டுக்குள்ள எங்கன இருந்து வந்துச்சு?"

"கடியாரத்துக்கு விடிய மட்டும் பொறுமை கெடையாது ஐயா. ராத்திரி பன்னெண்டு அடிச்சா தேதி மாறிரும். உச்சிக்கு முந்தி ஏ.எம்., உச்சிக்குப் பொறவு பி.எம்."

"அப்போ சரியா உச்சிக்கு?" என்றேன் நான்.

அண்ணாச்சி யோசித்தார். "அதுக்கு ரெண்டும் கெடையாது. ஆனா அதுக்காவ அவியல் காத்துக் கெடக்காது தம்பி."

உண்மைதான். தேங்காய் அரைத்துச் சேர்த்தது, மதியம் வரை தாங்காது. "ஏலே, மணி பாக்கக்கூடவா பத்தாங்கிளாஸ் படிக்கணும்?" என்றார் அப்பா. நான் படியில் உட்கார்ந்து, நின்றுபோன கல்யாணத்தையும், தங்கச்சி கடைசிவரை என் தலையில் கரண்டியால் அடித்துக்கொண்டே எங்கள் வீட்டில் இருக்கப்போவதையும் வரிசையாக நினைத்து முடித்தேன்.

தங்கச்சி மெதுவாகச் சொன்னாள். "மாப்பிள்ளை வீட்டு ஆளுவ எல்லாரும் இப்போ மெயினருவியிலதான் குளிக்காவ. ராத்திரியே வந்துட்டாவ."

"ஒனக்கு எப்படிட்டி தெரியும்?"

தங்கச்சி காகிதப் பூவை மிகுந்த கவனத்தோடு ஒட்ட ஆரம்பித்தாள்.

ஓடினேன். மாப்பிள்ளையின் அப்பா இடுப்பில் ஈரத்துண்டும் மேலெல்லாம் எண்ணெயுமாக நின்றுகொண்டிருந்தார். ஓடி வரும்போது யோசித்து வைத்த பொய்யெல்லாம் மறந்துபோய், "மாமா, சாப்பாடு ரெடி" என்றேன்.

"எங்கன?" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. அருவியில் ஒரு மணி நேரம் அடிவாங்கிய வயிறு காரணம் கேட்காது. இரண்டு வேன் ஆட்கள் சொட்டச் சொட்ட வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். மாமா அவியலை மூன்று தடவை கேட்டு வாங்கினார். உப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

பகலில் நிச்சயம் நடந்தது. பந்திக்கு, காலையில் கடை கடையாக அலைந்து நான் வாங்கி வந்த புளியோதரைப் பொட்டலம்தான். காலை பஸ்ஸில் வந்த மாமாவின் அக்கா பொட்டலத்தைப் பிரித்துவிட்டு, "நிச்சயத்துக்கு இவ்வளவுதானா? ஒரு அவியல் உண்டா, பாயசம் உண்டா?" என்று குரலை உயர்த்தினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

மாமா எழுந்தார். "ஞாயித்துக்கெழமை விருந்த ஞாயித்துக்கெழமையே போட்டுட்டாவ அக்கா. நீதான் பிந்தி வந்துட்டே."

கல்யாணம் நடந்தது, பிள்ளையும் பிறந்தது. போன வருடம் அவனுக்குக் காதுகுத்து. பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் மாப்பிள்ளை குறும்பாக 'ஏ.எம். முருகேசன்' என்று அச்சடித்துவிட்டார். ஊரே அதை என் இனிசியல் என்று நம்புகிறது. மருமகன் கூப்பிடுவதே 'ஏ.எம். மாமா' என்றுதான். நான் பழகிவிட்டேன். அப்பாவுக்குத்தான் ஆறவில்லை. அவர் பெயர் சுப்பையா.

"ஏலே, அந்த ஏ.எம். யாருன்னு எங்கிட்டயே வந்து கேக்கானுவலே!"