பிழை விழுந்தால் சைரன் அடிக்கும்

காட்டுப்பாக்கம்,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து.

வயதில் இளையவளானாலும் புத்தியில் எங்களுக்கெல்லாம் மூத்தவளாகிவிட்ட அண்ணன் மகள் ஃபிசாவுக்கு, உன் சாச்சா உஸ்மான் கனி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உன் சாச்சி ஷம்ஷாத்தும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். என் முட்டி வலியும் சாச்சியின் சர்க்கரையும்கூட எந்தக் குறையும் இல்லாமல் நலமாக இருக்கின்றன. புனேயில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கத் தினமும் துஆ செய்கிறோம். வாட்ஸப் இருக்கும்போது சாச்சா ஏன் காகிதத்தை எடுத்தார் என்று பதறாதே. உனக்குச் சொல்ல வேண்டிய நன்றி அவ்வளவு இருக்கிறது. அதை ஒற்றை விரலால் போனில் தட்டினால் அடுத்த பெருநாள் வந்துவிடும்.

உன் அத்தா படுக்கையில் இருந்தபோது வாங்கிய கட்டிலையும் சக்கர நாற்காலியையும் அவருக்குப் பிறகு தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்து வாங்கினோம், ஜமாஅத்தில் நாலு பேர் வாக்கரும் கமோடு நாற்காலியும் வாங்கிக் கொடுத்தார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்டு வாங்க ஒரு வெப்சைட்டும் செய்தோம், இதெல்லாம் நீ அறிந்ததுதான். நீ அறியாதது, வெப்சைட் வந்ததிலிருந்து கேட்பவர்கள் குறைந்துபோனார்கள். அதை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? பூந்தமல்லியிலிருந்து அம்பத்தூர் வரை ஜனங்கள் ஆரோக்கியமாகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தொழுகை முடிந்து கையேந்தும்போது அதற்காகத் தனியாக நன்றியும் சொன்னேன். வாக்கர்களின் மேல் உன் சாச்சி ஈரத்துணி காயப்போட்டாள். நான் ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திவைத்து மதியத் தூக்கம் போட்டேன். எல்லாவற்றையும் எங்காவது கொடுத்துவிட்டு, அவை கிடந்த அறையைக் காலி செய்யலாம் என்றுகூட முடிவெடுக்க இருந்தோம்.

அப்போதுதான் நீ பக்ரீத்துக்கு வந்தாய். பிரியாணித் தட்டைக் கீழே வைக்காமலே லேப்டாப்பைத் திறந்து, "சாச்சா, உங்க வெப்சைட்ல யாராவது வழுக்கி விழுந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். "அதுல என்னம்மா வழுக்குறதுக்கு இருக்கு?" என்றேன். நீ அதில் எதையோ பொருத்தினாய். இனி அங்கே எந்தப் பிழை நடந்தாலும் என் போனுக்குத் தகவல் வரும், கேட்க வந்தவர்கள் எழுதிய தெருவும் போன் நம்பரும் கூடவே வரும் என்றாய். என் காது கொஞ்சம் மந்தம் என்று, சத்தத்துக்கு ஆம்புலன்ஸ் சைரனைத் தேர்ந்தெடுத்ததும் நீதான். அதற்கும் நன்றி என்றே சொல்கிறேன், ஏனென்றால் இது நன்றிக் கடிதம்.

முதல் சைரன் அடித்தபோது நான் பக்கத்துத் தெருவில் ஒரு துக்க வீட்டில் இருந்தேன். சட்டைப் பையிலிருந்து அது அலறியதும் வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் எங்கே என்று தெருமுனை வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்களும் உண்டு. நான் பையைக் கையால் அழுத்திக்கொண்டு, அழுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தால், சிவப்பு எழுத்தில் 'இன்வேலிட் கேரக்டர்' என்று இருந்தது. அகராதியை எடுத்தேன். இன்வேலிட் என்றால் நோயாளி, எழுந்து நடமாட முடியாதவர் என்று போட்டிருந்தது. கேரக்டர் என்றால் நடத்தை, ஒழுக்கம். எனக்குப் புல்லரித்துவிட்டது ஃபிசா. ஒரு நோயாளி இருக்கிறார், நடத்தை மட்டும் கொஞ்சம் சரியில்லை, இவ்வளவையும் அந்தக் கருவி கண்டுபிடித்துச் சொல்கிறதே என்று சாச்சியிடம் காட்டினேன். "படுத்துக் கிடக்குறவங்களோட நடத்தையை நாம ஏன் பாக்கணும்? போன் பண்ணிக் கேளுங்க" என்றாள் அவள்.

கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண்ணின் குரல். "அம்மா, உங்களுக்கு ஒரு பிழை வந்திருக்கு, அது விஷயமா பேசுறேன்" என்றேன்.

"இன்னா பிழை? யார்யா நீ?"

"காட்டுப்பாக்கத்துலேர்ந்து உஸ்மான் கனி. உங்க வீட்டுல நடத்தை சரியில்லாத நோயாளி யாராவது..."

"யோவ், எங்கப்பனப் பத்தி இன்னாய்யா தெரியும் உனக்கு? அடுத்து ஓடிபி கேப்ப, அதானே? வையி போனை!"

நான் வைப்பதற்குள் அவளே வைத்துவிட்டாள். அடுத்து வந்த சைரனுக்கு உரியவரை அழைத்தேன், அவரும் ஓடிபி என்றார். அதற்கடுத்தவர், என் நம்பரை சைபர் போலீசுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒரு அம்மா மட்டும் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "போன மாசமே கேட்டுப் பாத்தோம் பாய். பக்கம் வெறும் வெள்ளையா வந்துச்சு. இப்போ தேவையில்ல" என்றார். ஏன் தேவையில்லை என்று நான் கேட்கவில்லை. அன்று மதியம் அந்தக் கட்டிலில் படுக்க எனக்கு மனம் வரவில்லை. வாக்கர்களில் கிடந்த துணியை சாச்சி தானாகவே எடுத்து மடித்து வைத்தாள். ஜனங்கள் ஆரோக்கியமாகவில்லை, நம் வாசலில் வந்து விழுந்துகொண்டிருந்தார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாள் காலை சைரன் விடாமல் அடிக்கத் தொடங்கியது. ஒன்று ஓயுமுன் அடுத்தது. பெரிய எழுத்தில் இருந்த ஊரையும் தெருவையும் மட்டும் பார்த்தேன், போன் நம்பரைப் பார்க்கவில்லை. கள்ளிக்குப்பம், கள்ளிக்குப்பம், கள்ளிக்குப்பம். எல்லாம் ஒரே தெரு. நம் சாமான்களை ஏற்றி இறக்கும் லோடு ஆட்டோ கஜபதியைக் கூப்பிட்டேன். அவர் போனைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். "பாய், ஒரே தெருவுல இத்தினி பேரா? தண்ணில எதுனா கலந்துகினு கீது பாய். எல்லாத்தையும் ஏத்து. அங்க போயி யாருக்கு இன்னா வோணும்னு பாத்துக்கலாம்" என்றார். ஏற்றினோம். கட்டில்கள், நாற்காலிகள், வாக்கர்கள், நான் தூங்கிய மெத்தை உட்பட. அதெல்லாம் சரியாமல் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று நான் பின்னால் ஏறினேன். உட்கார மிச்சமிருந்தது ஒரு கமோடு நாற்காலிதான். பைபாஸ் முழுவதும் அதில் உட்கார்ந்தபடி, தொப்பி பறக்காமல் ஒரு கையாலும் கட்டிலை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் படம் எடுத்தார்கள். அது உனக்கு எங்கிருந்தாவது வந்து சேர்ந்தால் யாருக்கும் அனுப்பாதே.

கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெரு அமைதியாக இருந்தது. அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி எங்களைப் பார்த்து, "இன்னாபா, ஆஸ்பத்திரி தொறக்கப் போறீங்களா?" என்றாள். "உடம்பு சரியில்லாதவங்க எல்லாரும் எங்கம்மா?" என்று கேட்டேன். "எல்லாரும் நல்லாத்தான் கீறோம். காலங்காத்தால சாபம் குடுக்க வந்தியா?" என்று குடத்தை நங்கென்று வைத்தாள். அந்தச் சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் எட்டிப் பார்த்து, "இது அந்த ஓடிபி பாய் கொரலாச்சே!" என்றாள்.

அவள் பெயர் பானுப்பிரியா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தைக்கிறாள். அவள் அப்பா துலுக்கானம் குளியலறையில் விழுந்து, இடுப்பு முறிந்து, பிளேட் வைத்து, வீட்டோடு கிடக்கிறார். அவரைத் தூக்க இவளைவிட்டால் ஆளில்லை. "இன்னொரு நாள் லீவு போட்டா வேலைக்கே வராதன்னுட்டாங்க பாய். அதான் உங்க வெப்சைட்ல அமுக்கினேன். வெள்ளையா ஆச்சு. மறுபடியும் அமுக்கினேன். ஆவுற வரைக்கும் அமுக்குவோம்னு காலைலேர்ந்து அமுக்கிக்கினே கீறேன்" என்றாள். தெருவே படுத்துவிட்டது என்று நான் பயந்த அத்தனை சைரனும் இவள் ஒருத்தியின் விரல்தான்.

உள்ளே கட்டிலில் கிடந்த துலுக்கானம், ஜன்னல் வழியாக வண்டியிலிருந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இத்தினியும் எனக்கா பாய்?" என்றார். "நான் ஒருத்தன்தான வியுந்தேன்?" கஜபதி சிரித்த சிரிப்பில் அந்தப் பம்படிப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நானும் கஜபதியும் அவரைப் பக்குவமாகத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்தோம். தண்ணீர் வேண்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்து, "வாசாண்ட தள்ளும்மா" என்றார். தள்ளினாள். வாசலில் அவர் எதிர்வீட்டுச் சுவர், நாய், காய்கறி வண்டி என்று எல்லாவற்றையும் புது ஊருக்கு வந்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். பானுப்பிரியா உள்ளே போய் முகம் கழுவினாள். தண்ணீர்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அங்கே நின்றபடிதான் உனக்குப் போன் செய்தேன், நீயும் மூச்சு முட்டச் சிரித்தாய். "சாச்சா, இன்வேலிட்னா அங்க செல்லாததுன்னு அர்த்தம். கேரக்டர்னா எழுத்து. அவர் பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி இருக்கு பாருங்க, அந்தப் புள்ளியை உங்க வெப்சைட்டுக்குப் பிடிக்கல" என்றாய். கு. துலுக்கானம். நம் ஊரில் இனிஷியலும் புள்ளியும் இல்லாமல் பெயர் எழுதுகிறவர் யார்? நான்தான். வெப்சைட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும்போதெல்லாம் என் பெயரைத்தான் எழுதிப் பார்த்தேன், அதுவும் ஒழுங்காகத்தான் இருந்தது. அன்றைக்கே நீ அந்தப் புள்ளிக்கு வழிவிட்டாய். அதிலிருந்து கொரட்டூர், ஆவடி, திருவேற்காடு என்று எல்லாப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். அறை காலியாகிவிட்டது. பானுப்பிரியா வேலைக்குப் போகிறாள். மதியத்தில் நான் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறேன். முதுகு வலிக்கிறது, ஆனாலும் நல்ல தூக்கம். இன்று விடிந்ததிலிருந்து ஒரு சைரன்கூட இல்லை. இந்த நிம்மதி நீ கொடுத்தது மகளே. விழுந்தவர்களின் சத்தத்தை எங்கள் காதுக்குக் கொண்டுவந்த உன் கைக்கு அல்லாஹ் நிறைவான பரக்கத்தைத் தருவானாக. மாப்பிள்ளைக்கு என் ஸலாம் சொல். சாப்பாட்டு நேரத்திலாவது அந்த லேப்டாப்பை மூடிவைக்கும்படி சாச்சி சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
உன் சாச்சா,
உஸ்மான் கனி.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது துலுக்கானம் போன் செய்தார். பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு வாக்கர் வேண்டுமாம், "பாய், உங்க வெப்சைட்டே தொறக்கல" என்கிறார். நானும் பார்த்தேன், திறக்கவில்லை. உள்ளேயே யாராலும் வர முடியாததால்தான் யாரும் விழவில்லை போலிருக்கிறது. வெப்சைட்டின் பெயரைப் பணம் கட்டிப் புதுப்பிக்கச் சொல்லி, இல்லாவிட்டால் நின்றுவிடும் என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் என்னை ஓடிபி பாய் என்று சொன்னதிலிருந்து நானும் எச்சரிக்கையாகிவிட்டேன். மோசடி என்று ஒவ்வொரு தடவையும் அழித்துவிட்டேன். மேலே நிம்மதி என்று எழுதியிருப்பதை அடித்துவிடு. நன்றியை மட்டும் அடிக்காதே. கடிதம் போய்ச் சேருமுன் நானே போன் செய்வேன், எடு. அதுவரை துலுக்கானம் பார்த்துக்கொள்கிறாராம். நாற்காலியை உருட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரிக்கிறார். இதோ மறுபடி கூப்பிடுகிறார்: "பாய், மூணாவது ஊட்ல இன்னொரு எரர் கீது. கட்டில் அனுப்பு."