மலைக்கு எதிரே ஒரு நிறுத்தம்

ரயில் மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

லோகேஸ்வரன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். சொந்த வீட்டில், பிளைவுட் பலகைமேல் ஓடும் குட்டி ரயிலின் குறை மட்டும் பிடிபடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் தெர்மோகோல் திருமலைக்கு எதிரே வந்ததும் என்ஜின் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது.

"என்னா மாப்ள, மறுபடியும் நின்னுக்கினு கீதா?" என்று எட்டிப் பார்த்தாள் மாமியார் ரத்னம்மா. நகரியிலிருந்து வந்து இரண்டு மாதமாக ஹாலில் பாய் போட்டுப் படுக்கிறாள்.

மனைவி தேவசேனா தீர்ப்பே சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கெழம பொம்ம ரயில் கண்காட்சில பிரைஸ் வந்தா பலக இருக்கட்டும். வரலன்னா எடுத்துடுங்க. எங்கம்மாவுக்கு அங்கதான் கட்டில்."

ஏழு வருஷ உழைப்பு! லோகேஸ்வரன் யூடியூபைத் திறந்தான். என்ஜினுக்குத் தண்டவாளம் வழியாகத்தான் கரண்ட். அதில் அழுக்கு இருந்தால் கரண்ட் ஏறாதாம். குனிந்து பார்த்தான். மலை எதிரே மட்டும் மஞ்சளாய் ஏதோ களிம்பு. பென்சில் ரப்பரால் தேய்த்தான். ஓடியது! மறுநாள் காலையில் மறுபடி களிம்பு. தண்டவாளம் பிரியும் பாயிண்ட்டில் ரப்பர் தூள் வேறு சிக்கி, இரண்டு பெட்டி கவிழ்ந்தன.

ஸ்பிரிட்டால் துடைத்தான். களிம்பு போயிற்று, கூடவே மலையின் பச்சைப் பெயிண்டும். மறுநாள் களிம்பு மட்டும் திரும்பி வந்தது.

கூடுதல் ஒயர் இழுத்து சால்டரிங் வைத்தான். தண்டவாளத்தின் அடியிலிருந்த பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டைகள் உருகின.

"வேகமா வுட்டா தாண்டிடும்" என்று ரெகுலேட்டரை முழுசாகத் திருகினான். தாண்டத்தான் செய்தது. மலையைத் தாண்டி, பலகையைத் தாண்டி, தேவசேனா கையிலிருந்த இட்லி மாவில் போய் விழுந்தது.

"ஐயோ, என் மாவு!"

"ஐயோ, என் மோட்டார்!"

ஞாயிற்றுக்கிழமை ரத்னம்மாவும் பூஜைக் கூடையோடு கிளம்பினாள். எங்கே போனாலும் அந்த மனுஷிக்கு அது கூடவே வேண்டும்.

கண்காட்சி ஹால் நிறைய ஜனம். பரிசுக்கு ஓட்டுப் போடுவது அவர்கள்தான். கழுவிக் காயவைத்த ரயில் சுரங்கம் புகுந்து, பாலம் கடந்து, மலை எதிரே வந்து நின்றது. போச்சுடா! தள்ளிவிடுவதற்காக இரண்டு கையையும் நீட்டிக் குனிந்தான்.

"கோவிந்தா!" என்றார் கூட்டத்தில் யாரோ.

"கோவிந்தா! கோவிந்தா!" ஹாலே அதிர்ந்தது. சுற்றுக்குச் சுற்று ரயில் நின்றது, லோகேஸ்வரன் குனிந்தான், கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சாயங்காலம் பார்த்தால் முக்கால்வாசி ஓட்டு அவனுக்கே!

"பலக இருக்கட்டுங்க!" என்று தேவசேனா கை தட்டினாள்.

அமைப்பாளர் ஹரிபாபு கோப்பையைக் கொடுத்து மைக்கை நீட்டினார். "சால பாகுந்தி சார், ரொம்ப நல்லாருக்கு! கரெக்டா மலை எதிர்லயே நிக்குதே, ஏமி டெக்னிக்?"

லோகேஸ்வரன் நெஞ்சை நிமிர்த்தினான். "ஸ்பெஷல் சென்சார் சார். நானே டிசைன் பண்ணேன்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த ரத்னம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. மைக்கைப் பிடுங்கினாள்.

"சென்சாரும் இல்ல, கின்சாரும் இல்ல சார்! கட்டில் போட எடம் கெடைக்கட்டும்னு, தெனம் அந்தத் தண்டவாளத்துல சந்தனம் தடவிக்கினு வந்தது நானு!"