பேட்டரி ஐயாவும் பதினெட்டு நிமிஷமும்

மாத்தளை மலைகளில் மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் பேட்டரி ஐயாதான். அவருக்கு வெகுகாலம் முன்பே வேறு தேசங்களில் வேறு சிலர் அதைக் கண்டுபிடித்து முடித்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் செய்தி எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருக்கவில்லை. ஆகவே அவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷங்கள் முந்திய கதை இது. தோட்டத்தின் இங்கிலீஷ் பெயர் வெள்ளைக்காரத் துரைக்கும் தபாலுக்கும் மட்டும்தான். சனங்களுக்கு அது பெரியகல்லுத் தோட்டம். நான் அங்கே ஆபீஸில் சின்னக் கிளாக்கர். கண்டியில் நன்றாகப் படித்தவன். படித்தவன் செய்கிற காரியமா இது என்று இதை வாசித்துவிட்டு நீங்கள் கேட்பீர்கள். நானும் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பேட்டரி ஐயாவின் தொழில் மருந்து கலக்குவது. ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட இரண்டு அறைக் கட்டிடத்தில் அவர்தான் எல்லாம். காலையில் காய்ச்சலுக்குக் கொயினாவும் விளக்கெண்ணெயும் கொடுப்பார். மத்தியானத்துக்குப் பிறகு காலி மருந்துப் போத்தல்களில் துத்தநாகத் துண்டையும் கரியையும் நிறுத்தி, நவச்சாரக் கரைசலை ஊற்றிப் பேட்டரி செய்வார். இருமல் மருந்துக்கும் நவச்சாரம்தான், பேட்டரிக்கும் நவச்சாரம்தான். பேட்டரிக்கு வேண்டியதைத் தனியாக டவுனில் வாங்குவதாக அவர் சத்தியம் செய்தார். இருமுகிறவர்கள் யாரும் நம்பவில்லை.

"என்னாங்க ஐயா, மருந்து தண்ணியா இருக்கு?"

"தண்ணியும் மருந்துதான். குடி."

ஆஸ்பத்திரி வாசல் சாக்குக்கு அடியில் தகடு வைத்து, யார் மிதித்தாலும் உள்ளே மணி அடிக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தார். முதல் நாள் மிதித்தவர் ஒரு கிழவர். மணிச் சத்தத்தில் துள்ளி விழுந்து, "காய்ச்சலோட வந்தேன் சாமி, இப்ப நெஞ்சுவலியோட போறேன்" என்று திரும்பி நடந்தார். பேட்டரி ஐயா பின்னாலேயே ஓடி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வியர்த்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

பிறகு ஆஸ்பத்திரிக்கும் பின்னால் இருந்த அவர் வீட்டுக் குசினிக்கும் இடையே ஒரு டெலிபோன். சிகரெட் டின், காந்தம், கம்பி. குசினிக்குள் அவர் மனைவி டின்னை வாயருகே வைத்து, "சோறு ஆறுதுங்க!" என்று கத்துவார். அந்தச் சத்தம் ஜன்னல் வழியாக வந்து, எதிர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர்களையும் திரும்பிப் பார்க்க வைக்கும். பேட்டரி ஐயா காதில் வைத்த டின்னை எடுக்காமலே என்னைப் பார்த்துப் பூரிப்போடு சொல்வார்:

"கேட்டீங்களா தம்பி? பக்கத்துல நின்னு பேசற மாதிரியே இருக்கு!"

இந்த மனிதரை நான் கெடுத்தேன். எப்படி என்று சொல்கிறேன்.

அப்போது எங்கள் தோட்டத்தில் வேலை நேரத்தைச் சொல்வது ஆபீஸ் மணிக்கூடு. அதைப் பார்த்து ஸ்டோர் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அந்தச் சத்தம் மேல் மலைக்குக் கேட்காது. மேல் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள், கைக்குழந்தைகளை விட்டிருக்கும் பிள்ளைக்காம்பராவுக்குப் பால் கொடுக்கப் பிந்தி வருவார்கள். பேட்டரி ஐயாவுக்கு இது பெரிய மனக்குறை.

"அழுது அழுது தொண்டை கட்டின புள்ளைங்களை என்கிட்டதான் தூக்கிட்டு வர்றாங்க. தொண்டைக்கு மருந்து குடுக்கிறதா, மணிக்கு மருந்து குடுக்கிறதா, சொல்லுங்க?"

மணிக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தார். ஓர் உடைந்த டைம்பீஸை எடுத்து, பல்லும் சக்கரமும் தானே அராவி, குறித்த நேரத்தில் கம்பி தொட்டு மேல் மலையிலும் சனங்கள் குடியிருக்கும் லயத்திலும் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் ஒரே சமயத்தில் மணி அடிக்கும்படி செய்தார். ஏழு மாதம் பிடித்தது. முடிந்ததும் ஆபீஸ் மணிக்கூட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். காலையில் அச்சொட்டாகச் சரி. சாயங்காலம் பார்த்தால் அவருடையது பதினெட்டு நிமிஷம் முந்தி நின்றது. மறுநாள் காலை மறுபடியும் சரி.

காரணம் எனக்குத் தெரியும். நான்தான் காரணம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பெரிய கிளாக்கர் சொல்லிக் கொடுத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குத் தண்டவாளம் அடித்து எல்லோரும் சாப்பிடப் போனதும், நான் ஆபீஸ் மணிக்கூட்டின் பெண்டுலத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். பதினெட்டு நிமிஷம் கழித்து ஆட்டிவிட வேண்டும். சாப்பிட்டவர்களைத் திரும்ப மலைக்கு விரட்டுவது கங்காணி, மணிக்கூடு அல்ல. சாயங்காலத் தண்டவாளம்தான் அத்தனை நிமிஷம் பிந்தி அடிக்கும். சனங்கள் அத்தனை நிமிஷம் அதிகமாக மலையில் நிற்பார்கள். மறுநாள் விடியற்காலை பேர் எடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு முன், முள்ளை முன்னால் தள்ளிச் சரியாக்கிவிட வேண்டும்.

"எதுக்குங்க இது?" என்று கேட்டேன்.

"ஒனக்கு முன்னாடி இருந்தவனும் நிறுத்தினான். அவனுக்கு முன்னாடி இருந்தவனும் நிறுத்தினான். நீ மட்டும் என்னா கவர்னரா?"

துரைக்கு இது தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்கவில்லை. தினமும் பெண்டுலத்தை நிறுத்திவிட்டு என் சாப்பாட்டைப் பிரித்துவைப்பேன். சாப்பிட்டுக் கைகழுவி வர பதினெட்டு நிமிஷம் ஆகிவிடும். வேலை சுலபம்.

பேட்டரி ஐயாவுக்குத்தான் தலை சுற்றியது. காலையில் யோக்கியமாகவும் சாயங்காலம் தறிகெட்டும் ஓடுகிற மணிக்கூட்டை அவர் கண்டதில்லை. வெயில் சூட்டில் கம்பி நீளுகிறது என்று முதலில் சொன்னார். வாழைமட்டையில் பொதிந்து தண்ணீர் வாளிக்குள் இறக்கிவைத்தார். பதினெட்டு நிமிஷம். ஓட்டத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். சாயங்காலம் சரியாக வந்தது, காலையில் பிந்திவிட்டது. பழைய ஓட்டத்துக்கே திருப்பிவைத்தார்.

மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டு மாத்தளை ஸ்டேஷனுக்குப் போனார். பின்னேரம் மூன்று மணிக்கு ஸ்டேஷன் மணிக்கூடும் அவருடையதும் ஒன்றாக நின்றன. சந்தேகத்துக்குப் பலாபத்வலவில் தெரிந்த வாத்தியார் ஒருவர் வீட்டுக்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் சரி. திரும்பி மலை ஏறி வந்து ஆபீஸில் பார்த்தார். பதினெட்டு நிமிஷம் முந்தி.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆபீஸ் மணிக்கூட்டைச் சந்தேகித்திருப்பார்கள். பேட்டரி ஐயா மலையைச் சந்தேகித்தார். தோட்டத்துக்குப் பெயர் கொடுத்த அந்தப் பெரிய கல்லுக்குள் இரும்பு இருக்கிறது, மத்தியான வெயிலில் அது காந்தமாகிச் சக்கரத்தை இழுக்கிறது என்று முடிவு கட்டினார். திசைகாட்டியை எடுத்துப்போய்க் கல்மேல் வைத்தார். முள் சும்மா வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நாம பாக்கிற நேரத்துல சும்மா இருக்கு தம்பி. லேசுப்பட்ட கல்லு இல்லை."

காந்தத்தைக் கூட்டும் என்று வீட்டிலிருந்த அரிவாள்மணை, உலக்கைப் பூண், தோசைக்கல் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு வாரம் அவர் மனைவி பக்கத்து வீட்டில் போய்க் காய் வெட்டினார்.

ஒருநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேட்டரி ஐயா ஆபீஸுக்குள் வந்துவிட்டார். அந்த நேரத்தில் அவர் வருவதே இல்லை. பெண்டுலம் நின்றிருந்தது. எச்சில் கையோடு எழுந்து மணிக்கூட்டை மறைத்து நின்றேன்.

"தம்பி, ரூம் என்னமோ இன்னைக்கு அமைதியா இருக்கே?"

"மத்தியானம் இல்லைங்களா ஐயா."

அவர் அதையும் ஒரு காரணமாக ஏற்றுக்கொண்டார். என் சோற்றை எட்டிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த மணிக்கூட்டை நீங்கதான பாத்துக்கிறீங்க. இதுல ஏதாச்சும் கோளாறு கீளாறு உண்டா?"

என் முதுகுக்குப் பின்னால் பெண்டுலம் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஓரடி நகர்ந்திருந்தால் போதும். எதற்குப் பயந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. வேலை போய்விடும் என்றா, பெரிய கிளாக்கர் ஏசுவார் என்றா, இத்தனை நாள் சொல்லாததை இப்போது எப்படிச் சொல்வது என்றா?

"இல்லைங்க ஐயா. இங்கிலீஸ்காரன் செஞ்சது."

"அதானே" என்றார். "நான் செஞ்சதுலதான் பிழை."

அப்படியும் அவர் விடவில்லை. துரையிடம் போய், ஒரு நாள் பரீட்சை பார்க்கும்படி கேட்டார். சாயங்கால மணியை அவருடைய யந்திரம் அடிக்கட்டும், சரியாக அடித்தால் தோட்டம் முழுக்கக் கம்பி இழுக்கலாம் என்று துரை சம்மதித்தார். பேட்டரி ஐயா மத்தியானம் முழுக்க யந்திரத்தின்மேல் ஈரத்துணி போட்டு, கல் இருக்கிற பக்கமாகத் தன் உடம்பையே மறைப்பாக வைத்து உட்கார்ந்திருந்தார். அன்றைக்காவது பெண்டுலத்தை விட்டுவிடலாம் என்று நான் நினைத்தேன். பெரிய கிளாக்கர் அன்றைக்குத் தன் சாப்பாட்டையும் ஆபீஸுக்கே எடுத்துவந்து என் எதிரில் உட்கார்ந்தார். நிறுத்தினேன்.

மணி அடித்தது. மூன்று இடத்திலும் ஒன்றாக, அப்படி ஒரு கணீர் சத்தம். மேல் மலையிலிருந்து பெண்கள் கூடையோடு மளமளவென்று இறங்கினார்கள். கங்காணி கீழே நின்று கையை விரித்துக் கத்தினார்.

"யாருடி எறங்கச் சொன்னது?"

"மணி அடிச்சிச்சுல்ல! காது என்னா லயத்துலயா வச்சிட்டு வந்தீங்க?"

"ஆபீஸ் மணிக்கூட்டுல இன்னும் நேரம் கெடக்கு!"

முன்னால் வந்த பெண் கூடையை இறக்கிவைத்து, கண்ணுக்குமேல் கை வைத்து வானத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குத்தாங்க ஒழுங்கான நேரத்துக்கு அடிச்சிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். கங்காணி சிரித்தார், பெரிய கிளாக்கர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். துரை ஆபீஸ் மணிக்கூட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"டாக்டர், ஒன் மணி பைத்தியம். இன்னைக்கே எல்லாம் அவுத்துப் போடு. நீ மருந்து மட்டும் பாரு."

பெண்களை மறுபடி மேலே அனுப்பினார்கள். அவர்கள் ஏறிப்போய் நிரையில் நிற்கவும் தண்டவாளம் அடிக்கவும் சரியாக இருந்தது. கீழிருந்து கங்காணி கையை ஆட்ட, அப்படியே திரும்பி இறங்கினார்கள்.

பேட்டரி ஐயா அன்றே கம்பிகளைச் சுருட்டினார். கோழிக்கூடு கட்டக் கேட்டவர்களுக்குக் கொடுத்தார். போத்தல்களைக் கழுவி மறுபடி மருந்து ஊற்றினார். அதோடு முடிந்திருந்தால் நான் மறந்திருப்பேன். அவருக்குத் தன் கைமேலேயே நம்பிக்கை போய்விட்டது. மருந்தை மூன்று முறை நிறுப்பார். நிறுத்துவிட்டு, மருந்து வாங்க வந்தவரையே கேட்பார்: "இது சரியாத்தான இருக்கு? நீயும் ஒருக்கா பாரு." மருந்து வாங்க வந்தவருக்கு எப்படித் தெரியும்? சனங்கள் பயந்து நாட்டு வைத்தியரிடம் போகத் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் வேலையை விட்டுவிட்டு கலேவெலப் பக்கம் போய்விட்டார்.

பிறகு நான் பெரிய கிளாக்கர் ஆனேன். ஆனதும் அந்த வழக்கத்தை நிறுத்தினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. நான் நிறுத்தவில்லை. தொழிற்சங்கம் வந்துதான் அது நின்றது. மலையில் நின்ற பெண்களிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தபோது யார் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. பாதிப்பேர் உயிரோடு இல்லை. பேட்டரி ஐயா ஒருவர்தான் விலாசத்தோடு இருந்தார்.

கலேவெலச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன். சொன்னேன். பெண்டுலம், சாப்பாடு, அன்று மத்தியானம் மறைத்து நின்றது, எல்லாம். ஒன்றையும் விடவில்லை. அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பதினெட்டா?"

"ஆமாங்க ஐயா."

"சரியா பதினெட்டா? சில நாள் பத்தொம்பது, பதினேழு அப்படி?"

"நான் கொஞ்சம் மெதுவா சாப்பிட்ட நாள்ல பத்தொம்பது இருக்கலாம்."

"அந்த ஒரு நிமிஷம்! அந்த ஒரு நிமிஷம் எங்கேருந்து வருதுன்னு நான் சாகாத குறை தம்பி!" என்று எழுந்து மனைவி பக்கம் திரும்பினார். "அப்போ என்னோடது சரியாவே ஓடிருக்கு! இந்தா, ஒன்னைத்தான், கேட்டியா? நம்ம மணிக்கூடு சரியா ஓடிருக்கு!"

"ஐயா, நான் மன்னிப்புக் கேக்கத்தான்..."

"இருங்க தம்பி, அந்தக் கல்லு? அப்போ அந்தக் கல்லுல ஒன்னுமே இல்லையா?"

"இல்லைங்க."

"பாவம், அதைப் போய் என்னாவெல்லாம் ஏசினேன்" என்று சிரித்தார்.

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அவருக்கு சந்தோசம். அவர் அப்படித்தான். சட்டைப் பொத்தானைச் சரியாப் போட்டிருக்கேனான்னு இத்தனை வருசமா என்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்தாரே, அதை யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்த இடத்தில், பேட்டரி ஐயா என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாங்கிய கைக்கடிகாரம். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இது கொஞ்சம் முந்துது போல இருக்கே. கழட்டுங்க, ஒரு நிமிஷத்துல பாத்துத் தர்றேன்."

அவர் மனைவி, "ஐயோ வேணாம், குடுத்துறாதீங்க" என்று கண்ணால் சொன்னார். நான் கழற்றிக் கொடுத்தேன். அவர் யாரையும் ஒன்றும் கேட்காமல் பேனாக்கத்தியால் அதன் முதுகைத் திறந்தார். கடைசி பஸ் போகும்வரை மேசைமேல் சக்கரங்களைப் பரப்பிவைத்துத் தனக்குள் பேசிக்கொண்டிருந்தார்.

அந்தக் கைக்கடிகாரம் அதற்குப் பிறகு ஓடவே இல்லை. வேறொன்று வாங்கித் தருகிறேன் என்று என் மகன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். இதுவே போதும் என்று சொல்லி, தினமும் காலையில் குளித்ததும் எடுத்துக் கட்டிக்கொள்கிறேன்.