தாடி வரிசை

"படம் திறக்க மாட்டேங்குது சார்!"

கேமராமேன் இதைச் சொன்னபோது மணி பத்து. பதினொன்றுக்குத் திரைப்பட விழாவின் தேர்வாளர் அம்மாள் வருகிறார். முழுப்படம் கம்ப்யூட்டரில் பதிவாகிக்கொண்டிருந்தபோது, சும்மா இருந்த ஒயரைப் பாதியில் பிடுங்கியது வேறு யாருமில்லை, தயாரிப்பாளரேதான்.

பாவம், அவர் கம்பெனிக்கு இதுதான் முதல் படம். விழாவுக்குத் தேர்வாகாவிட்டால் கம்பெனியை இழுத்து மூடிவிட்டு மச்சானின் டைல்ஸ் கடையில் உட்காருவதாக மனைவியிடம் சத்தியம் செய்திருந்தார். மச்சான் இப்போதே ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தான்.

"எடிட்டரைக் கூப்பிடு!"

"அவங்க விமானத்துல இருக்காங்க, போன் போகாது. காட்சியெல்லாம் தனித்தனியா கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு சார். வரிசையா ஒட்டினா போதும்."

"அப்புறமென்ன, ஒட்டு!"

"எதுக்கு அப்புறம் எதுன்னு சொல்லுங்க."

தயாரிப்பாளர் திருதிருவென்று விழித்தார். ஆரம்பம், நடு, முடிவு என்று கதை சொல்வது அடிமைத்தனம் என்பது அவர் கொள்கை. அதனால் காட்சிகளுக்கு எண் போடவே கம்பெனியில் தடை. பத்தொன்பது காட்சிகளுக்கும் 'ஏக்கம்', 'இன்னொரு ஏக்கம்', 'அதே ஏக்கம்' என்று அவரே ஆசை ஆசையாகப் பெயர் வைத்திருந்தார்.

"முதல்ல க்ளைமாக்ஸ், கடைசியில கல்யாணம். நடுவுலதான்பா குழப்பமா இருக்கு."

"நம்ம படமே அதுதானே சார்!"

கேமராமேன் தன் ஞாபகத்தில் இருந்தபடி ஒட்டிப் பார்த்தான். கதாநாயகன் தொடர்ந்து மூன்று தடவை சாப்பிட்டான். இன்னும் தொலையாத மனைவியை இரண்டு தடவை கண்டுபிடித்தான்.

"நிறுத்து, நிறுத்து! கண்ணால பார்த்தா எனக்கு ஞாபகம் வந்துடும்."

காட்சிக்கு ஒரு படமாக அச்செடுத்துத் தரையில் பரப்பினார். அட, வரத்தான் செய்தது! பதினாறு படங்கள் அதனதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டன. உற்சாகத்தில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பார்க்கப் பொறுக்காமல் கேமராமேன் மின்விசிறியைப் போட்டான்.

அவ்வளவுதான். பத்தொன்பதும் பறந்தன. அவர் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து மனைவி ஓடி வந்தாள். கம்பெனியின் உடை, ஒப்பனை எல்லாம் அவள் பொறுப்பு.

"ஏங்க, இதுக்கா இந்தக் கத்து? கொஞ்சம் தள்ளுங்க."

மளமளவென்று பொறுக்கி அடுக்கினாள். அந்த வரிசையிலேயே கேமராமேன் ஒட்டியும் முடித்தான். தயாரிப்பாளருக்கு அவளைத் தூக்கித் தட்டாமாலை சுற்றலாம் போலிருந்தது.

"எப்படிடி கண்டுபிடிச்சே?"

"தாடியை வச்சுத்தான். தினமும் ஹீரோவுக்கு ஒட்டிவிட்டது நான்தானே? மழமழன்னு இருக்கறது முதல்ல, நெஞ்சுவரைக்கும் வளர்ந்தது கடைசியில."

"அடிப்பாவி! அப்படின்னா முதல்ல கல்யாணம், அப்புறம் அவ தொலையறா, இவன் தேடறான், கடைசியில கிடைக்கறா!"

"ஆமா, அதுக்கென்ன இப்போ?"

"படம் எல்லாருக்கும் புரிஞ்சு தொலைச்சிடுமேடி!"

வாசலில் மணி அடித்தது.

தேர்வாளர் அம்மாள் உட்கார்ந்தார், படம் ஓடியது. கல்யாணத்துக்குப் பிறகு நடக்க வேண்டியதெல்லாம் வெட்கமில்லாமல் கல்யாணத்துக்குப் பிறகே நடந்தது. தயாரிப்பாளருக்கு அவமானத்தில் காது சுட்டது. மச்சான் கடையில் எத்தனை நிறத்தில் டைல்ஸ் உண்டு என்று யோசிக்கத் தொடங்கினார். அம்மாள் முதலில் நெற்றியைச் சுருக்கினார், பிறகு நாற்காலி நுனிக்கு வந்தார், கடைசியில் மூக்கை உறிஞ்சினார்.

விளக்கைப் போட்டதும் கேட்டார்:

"இதை நீங்க தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

"மன்னிச்சிடுங்கம்மா! இப்படி ஆகும்னு நான் கனவுலகூட நினைக்கலை."

அம்மாள் எழுந்து வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மன்னிப்பா? இந்த வருஷம் எங்களுக்கு வந்த இருநூறு படமும் முடிவுலதான் ஆரம்பிக்குது. ஆரம்பத்துல ஆரம்பிக்கிற துணிச்சல் உங்க ஒருத்தருக்குத்தான் சார் வந்திருக்கு!"